நிலைப்பும் துல்லியமும்: மின்னழுத்தச் சீரமைப்பையும் மின்னோட்ட அளவீட்டையும் விளக்கும் தமிழ்நடை – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சீரான மின்னழுத்தத்தை வழங்கும் சுற்றுகளையும் மின்னோட்டத்தை அளக்கும் சுற்றுகளையும் தமிழில் விளக்கும்போது ‘நிலையான’, ‘துல்லியமான’ என்னும் இரு அடைமொழிகள் பெருவழக்காக ஆளப்படுகின்றன. இவ்வடைமொழிகள் சுற்றுகளின் எந்தப் பண்பைப் புலப்படுத்துகின்றன, எதனை மறைக்கின்றன என்பதை இக்கட்டுரை மூன்று வகைத் தொடர்களைக் கொண்டு ஆராய்கிறது. சீரமைப்பும் அளவீடும் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படினும், ஒன்றன் பிழை மற்றதன் பிழையாக மாறும் உறவு அவற்றிடையே உண்டு என்பதும், அவ்வுறவைச் சொல்லும் ஆற்றல் தமிழ் உரைநடைக்கு உண்டு என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், கலைச்சொல், மின்னழுத்தச் சீரமைப்பான், மின்னோட்ட அளவீடு, துல்லியம், நுட்பம், ஆகுபெயர்.

முன்னுரை

அறிவியல் தமிழ் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தையே மையமாகக் கொள்கின்றன. ஒரு கருத்துக்கு எந்தச் சொல் பொருந்தும், வடசொல் வேண்டுமா, ஒலிபெயர்ப்புப் போதுமா என்பனவே வினாக்களாக எழுகின்றன. சொல் கிடைத்தபின் அது தொடரில் எவ்வாறு நின்று பொருள் தருகிறது என்னும் வினா அந்த அளவுக்கு எழுவதில்லை. ஆயினும், கற்பவருக்குப் பிழைபட்ட கருத்து உருவாவது பெரும்பாலும் தொடரில்தான்.

மின்னணுவியலின் தொடக்கப் பாடங்களில் இதற்குத் தக்க சான்றுகள் உள்ளன. ‘சீரமைப்பான் நிலையான மின்னழுத்தத்தைத் தரும்’, ‘இச்சுற்று மின்னோட்டத்தைத் துல்லியமாக அளக்கும்’, ‘அம்மீட்டரைச் சுற்றில் தொடராக இணைக்க வேண்டும்’ என்னும் மூவகைத் தொடர்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் எதுவும் தவறன்று. ஆனால் மூன்றும் முற்றுப்பெறாதவை. எச்சமாக நிற்கும் பொருளை ஆய்வகத்தில் நிற்கும் மாணவர் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் கற்பவருக்கும் பாடநூல் இத்தகைய பொதுமைத் தொடர்களையே தருகிறது. ஆயின் அவர் அடுத்துக் காண்பது உறுப்பின் தரவுத்தாள். எந்த வெப்பநிலையில், எந்த உள்ளீட்டில், எவ்வளவு பளுவில் ஒரு மதிப்பு செல்லுபடியாகும் என்று அட்டவணையிட்டுக் காட்டும் அத்தாள், பாடநூலின் பொதுமையைத் திருத்திவிடுகிறது. தமிழ்வழிக் கற்பவருக்கு அத்தகைய தாள் அவர் மொழியில் கிடைப்பதில்லை. எனவே தரவுத்தாள் செய்யும் பணியின் ஒரு பகுதியைத் தமிழ் விளக்கவுரையே ஏற்க வேண்டியுள்ளது. இந்நோக்கிலேயே மேற்கண்ட மூவகைத் தொடர்களும் இங்கு மதிப்பிடப்படுகின்றன.

1. ‘நிலையான மின்னழுத்தம்’: எது மாறும்போது நிலையானது?

‘நிலை’ என்னும் சொல் தமிழில் மிக அகன்ற பொருட்பரப்பு உடையது. அசையாமை, மாறாமை, நீடித்திருத்தல், ஒரு குறிப்பிட்ட அளவில் நிற்றல் ஆகிய அனைத்தையும் அது சுட்டும். ஒரு மின்வழங்கியைப் பொறுத்தவரை இவை நான்கும் வெவ்வேறு பண்புகள்.

வீடுகளில் குளிர்பதனப் பெட்டியுடன் இணைக்கப்படும் ஸ்டெபிலைசரை முதற்சான்றாகக் கொள்ளலாம். பெயர் நிலைப்படுத்தி எனினும், பரவலாக வழங்கும் அவ்வகைக் கருவி செய்வது படிமுறைத் திருத்தமே. மின்மாற்றிச் சுருளின் பல முனைகளுள் ஒன்றை ரிலே தேர்ந்தெடுக்க, வெளியீடு ஏற்கத்தக்க எல்லைக்குள் தள்ளப்படுகிறது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் உள்ளீடு ஏறினால் வெளியீடும் ஏறும். குளிர்பதனப் பெட்டிக்கு இது போதும். நுண்ணிய அளவீட்டுச் சுற்றுக்குப் போதாது. இரண்டையும் ‘நிலையான மின்னழுத்தம்’ என்ற ஒரே தொடரால் சுட்டும்போது வேறுபாடு மறைந்துபோகிறது.

அடுத்து, ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் மூன்று முனைச் சீரமைப்பானாகிய 7805-ஐக் கருதலாம். இதன் பெயரளவு வெளியீடு 5 வோல்ட். 25 டிகிரி செல்சியஸில் இதன் பொதுவகை உறுப்புகளுக்குத் தரப்படும் எல்லை 4.8 முதல் 5.2 வோல்ட் வரை. ஆகவே 4.86 வோல்ட் தரும் ஓர் உறுப்பு பழுதற்றதே. உள்ளீடு 9 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு உயர்ந்தாலும் அவ்வுறுப்பு 4.86 வோல்ட்டுக்கு மிக அருகிலேயே நிற்குமாயின் அது நன்கு நிலைத்துள்ளது. ஆனால் 5 என்னும் பெயரளவிலிருந்து ஏறத்தாழ 3 விழுக்காடு விலகியும் உள்ளது. நிலைத்திருத்தலும் குறித்த மதிப்பில் இருத்தலும் இருவேறு பண்புகள் என்பது இதனால் விளங்கும்.

சீரமைப்பானின் நிலைப்பு நான்கு மாற்றங்களைப் பொறுத்துத் தனித்தனியே அளக்கப்படுகிறது. உள்ளீட்டு மின்னழுத்தம் மாறுவது ஒன்று. பளு இழுக்கும் மின்னோட்டம் மாறுவது மற்றொன்று. வெப்பநிலை மாறுவது மூன்றாவது. காலம் செல்லச் செல்ல உறுப்பு முதிர்வது நான்காவது. இவற்றுள் ஒன்றில் சிறந்த சுற்று இன்னொன்றில் தாழ்ந்திருக்கக்கூடும். மேலும் ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை உண்டு. 7805-இன் உள்ளீடு வெளியீட்டைவிட ஏறத்தாழ 2 வோல்ட் கூடுதலாக இல்லையெனில் சீரமைப்பே நிகழாது. உள்ளீடு 12 வோல்ட்டாகவும் பளு அரை ஆம்பியராகவும் இருப்பின், வேறுபாடான 7 வோல்ட் 3.5 வாட் வெப்பமாக அவ்வுறுப்பிலேயே வெளிப்படும். அவ்வெப்பம் வெளியீட்டையே சிறிது நகர்த்தும். தக்க வெப்பநீக்கி இல்லையெனில் உறுப்பு தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டைக் குறைத்துவிடும்.

எனவே ‘நிலையான’ என்னும் அடைமொழி, தமிழ் இலக்கண நோக்கில், ஒரு வேற்றுமைப் பொருளை அவாவி நிற்பது. எது மாறினும், எந்த எல்லைக்குள் என்பன உடன்வந்தாலன்றி அதன் பொருள் முடியாது. ‘உள்ளீடு 8 முதல் 12 வோல்ட் வரை மாறினும் வெளியீடு பெரிதும் மாறாது’ என்ற தொடர் முந்தையதைவிடச் சற்றே நீண்டது. ஆனால் அது சரிபார்க்கத்தக்க ஒரு கூற்று.

நிலைப்பு ஒரு பொருளின் இயல்பு என்னும் எண்ணமும் இப்பொதுமைத் தொடரால் வேரூன்றுகிறது. சுற்றுகளின் உள்ளமைப்போ வேறுவிதமாக உள்ளது. பல சீரமைப்பான்களின் உள்ளே ஒப்பீட்டு மின்னழுத்தத்தைத் தரும் ‘பேண்ட்கேப்’ சுற்றில் நிலையான உறுப்பு என ஒன்று இல்லை. டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையிலான மின்னழுத்தம் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. வெவ்வேறு மின்னோட்ட அடர்த்தியில் இயங்கும் இரு டிரான்சிஸ்டர்களின் அம்மின்னழுத்தங்களுக்கு இடையிலான வேறுபாடோ வெப்பநிலையுடன் உயர்கிறது. அடர்த்தி விகிதம் 8 எனில், அறை வெப்பநிலையில் அவ்வேறுபாடு ஏறத்தாழ 54 மில்லிவோல்ட். அதன் உயர்வு டிகிரிக்கு 0.18 மில்லிவோல்ட். அதனை ஏறத்தாழ 11 மடங்காக்கிக் குறையும் மின்னழுத்தத்துடன் கூட்டினால், ஒன்றன் ஏற்றம் மற்றதன் இறக்கத்தை ஈடுசெய்கிறது. கூட்டுத்தொகை சிலிக்கானின் ஆற்றல் இடைவெளியோடு தொடர்புடைய ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் நிற்கிறது. 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் விட்லர், பால் புரோக்கா ஆகியோரின் வடிவமைப்புகளால் இம்முறை பரவியது. இங்கே நிலைப்பு என்பது எதிரெதிர் மாற்றங்களின் உடன்பாடு. அவ்வுடன்பாடும் முழுமையானதன்று, ஒரு வெப்பநிலையில் சரியாக அமைந்து, இருபுறமும் சிறிது வளைந்து விலகும். ‘நிலையான’ என்ற ஒற்றைச் சொல் இவ்வளவையும் மூடிவிடுகிறது.

2. ‘துல்லியமான அளவீடு’: ஒரு சொல், மூன்று பண்புகள்

அளவீட்டியல் பாடங்களில் துல்லியம், நுட்பம் என இரு பண்புகள் பிரித்துக் கற்பிக்கப்படுகின்றன. உண்மை மதிப்புக்கு அணுக்கமாக இருப்பது துல்லியம். மீண்டும் மீண்டும் அளக்கும்போது ஒரே மதிப்பு வருவது நுட்பம். இவற்றோடு, கருவி பிரித்தறியும் மிகச்சிறிய மாற்றத்தைச் சுட்டும் பிரிதிறனும் சேர்ந்தால் பண்புகள் மூன்றாகும். எனினும் சுற்றுகளை விளக்கும் உரைநடையில் இம்மூன்றையும் ‘துல்லியம்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டும் பழக்கம் காணப்படுகிறது.

மின்னோட்டத்தை மின்னணுச் சுற்று நேரடியாக அறிவது அரிது. ஷண்ட் எனப்படும் சிறிய மின்தடையாக்கி வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, அதன் இருமுனைகளுக்கு இடையே தோன்றும் மின்னழுத்தத்தை அளப்பதே பெருவழக்கு. 0.1 ஓம் ஷண்டில் 1 ஆம்பியர் பாய்ந்தால் 100 மில்லிவோல்ட் தோன்றும். அதனைச் செயல்பாட்டுப் பெருக்கியால் 20 மடங்காக்கினால் 2 வோல்ட் கிடைக்கும். அதனை 10 பிட் ஒப்புமை–இலக்க மாற்றி எண்ணாக்கும். மாற்றியின் ஒப்பீட்டு மின்னழுத்தம் 5 வோல்ட் எனில் ஒரு படி 4.88 மில்லிவோல்ட், அதாவது ஏறத்தாழ 2.4 மில்லிஆம்பியர். இது பிரிதிறன் மட்டுமே.

பெருக்கிக்கென ஒரு விலகல் மின்னழுத்தம் உண்டு. உள்ளீடு சுழியாக இருக்கும்போதும் சிறிது மின்னழுத்தம் உள்ளதுபோலப் பெருக்கி நடந்துகொள்வதே அது. மலிவும் பரவலும் மிக்க எல்.எம்.358 என்னும் பெருக்கியில் இது 7 மில்லிவோல்ட் வரை இருக்கலாம். 0.1 ஓம் ஷண்டுக்கு 7 மில்லிவோல்ட் என்பது 70 மில்லிஆம்பியருக்கு நிகர். 1 ஆம்பியரை அளக்கும்போது இது 7 விழுக்காட்டுப் பிழை. 100 மில்லிஆம்பியரை அளக்கும்போது 70 விழுக்காட்டுப் பிழை. ஒவ்வொரு முறையும் ஒரே பிழை வருவதால் அளவீடு மிக நுட்பமானதாகத் தோன்றும். திரையில் மூன்று பதின்மத் தானங்கள் ஒளிர்வதால் பிரிதிறனும் உயர்ந்ததாகத் தோன்றும். துல்லியம் மட்டும் இராது.

பிட் எண்ணிக்கையை 10-இலிருந்து 16-ஆக உயர்த்தினால் ‘துல்லியம் கூடும்’ என்று எழுதுவது இக்குழப்பத்தின் விளைவு. விலகல் மின்னழுத்தம் அப்படியே இருக்க, பிழையுற்ற மதிப்பே மேலும் நுண்ணிய படிகளில் காட்டப்படும். மின்னோட்டமில்லாத நிலையில் ஒருமுறை அளந்து அம்மதிப்பைக் கழிப்பதும், விலகலைத் தானே தொடர்ந்து திருத்திக்கொள்ளும் பெருக்கியைப் பயன்படுத்துவதுமே உரிய வழிகள். முதல் வழியிலும் வெப்பநிலை மாறும்போது கழித்த மதிப்பு பழையதாகிவிடும் என்பது கருதத்தக்கது. இவ்விளக்கத்தைத் தமிழில் எழுதப் புதிய சொல் எதுவும் தேவையில்லை. துல்லியம், நுட்பம், பிரிதிறன் என வழக்கில் உள்ள மூன்று சொற்களை இடமறிந்து ஆண்டால் போதும்.

3. ‘தொடராக இணைக்க வேண்டும்’: அளவி சுற்றை மாற்றுதல்

மூன்றாம் தொடர் ஒரு கட்டளை. அம்மீட்டர் தொடராக இணைக்கப்பட வேண்டும் என்பது உண்மை. இணைத்தபின் அச்சுற்று முன்பிருந்த சுற்றன்று என்பது அத்தொடரில் இல்லாத உண்மை. அளக்கும் கருவி வெளியிலிருந்து பார்க்கும் சாட்சி என்னும் தோற்றத்தை இக்கட்டளை நடை தருகிறது. உண்மையில் அது சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

3.3 வோல்ட்டில் இயங்கும் ஒரு கம்பியிலாக் கருவி, செய்தி அனுப்பும் கணத்தில் 300 மில்லிஆம்பியர் இழுப்பதாகக் கொள்ளலாம். இடையில் 1 ஓம் ஷண்டு இருப்பின் அக்கணத்தில் 0.3 வோல்ட் இழக்கப்பட்டுக் கருவிக்கு 3.0 வோல்ட்டே சேரும். அவ்வீழ்ச்சியைத் தாங்காத கருவி மீளத் தொடங்கிவிடும். கருவி பழுதெனக் கருதப்படலாம். பழுதை உண்டாக்கியது அளவீடே. ஷண்டின் மதிப்பைக் குறைத்தால் இழப்புக் குறையும். ஆனால் அளக்க வேண்டிய மின்னழுத்தமும் குறைந்து, பெருக்கியின் விலகல் மேலோங்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான தேர்வே வடிவமைப்பு.

ஷண்டை எங்கே வைப்பது என்பதும் இத்தகைய தேர்வே. பளுவுக்கும் தரைக்கும் இடையில் வைத்தால் பெருக்கியின் வேலை எளிது. ஆனால் பளுவின் தரைமுனை உண்மைத் தரையிலிருந்து உயர்ந்துவிடும். ஷண்டைத் தவிர்த்து வேறு வழியில் தரைக்குச் செல்லும் கசிவு மின்னோட்டமும் கணக்கில் வராது. மூலத்துக்கும் பளுவுக்கும் இடையில் வைத்தால் இக்குறைகள் நீங்கும். ஆனால் 24 வோல்ட்டின் மேல் அமர்ந்துள்ள 100 மில்லிவோல்ட்டைப் பெருக்கி பிரித்தறிய வேண்டும். பொது மின்னழுத்தத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக ஒடுக்கும் பெருக்கியிலும் 2.4 மில்லிவோல்ட் பிழை எஞ்சும், 0.1 ஓம் ஷண்டில் இது 24 மில்லிஆம்பியர்.

இவ்விடத்தில் ‘மின்தடை’ என்னும் சொல்லின் நிலையும் ஆராயத்தக்கது. தமிழ்நாட்டு வழக்கில் இச்சொல் மின்னோட்டத்தை எதிர்க்கும் பண்பைக் குறிக்கிறது. அப்பண்புடைய உறுப்பையும் குறிக்கிறது. நாளிதழ் அறிவிப்புகளில் மின்வழங்கல் நிறுத்தத்தையும் குறிக்கிறது. பண்பின் பெயர் உறுப்புக்கு ஆவது பண்பாகுபெயர் என இலக்கணத்தால் அமைதி பெறும். ஆயினும் அளவீட்டில் இவ்வாகுபெயர் இடர் தருகிறது. உறுப்பும் பண்பும் ஒன்றே என எண்ணும் மாணவர், 0.01 ஓம் என அச்சிட்ட உறுப்பை வைத்தால் சுற்றில் 0.01 ஓம் மின்தடையே இருக்கும் எனக் கொள்வார். ஈயப்பற்றும் செம்புத் தடமும் சேர்ந்து 0.001 ஓம் கூடினால் பிழை 10 விழுக்காடு. கெல்வின் பெயரால் வழங்கும் நான்கு முனை இணைப்பு இதற்கெனவே எழுந்தது. மின்னோட்டம் செல்ல இரு முனைகளும், மின்னழுத்தத்தை அறிய உறுப்பின் உடலையொட்டி வேறு இரு முனைகளும் அமைவதால், இணைப்புகளின் மின்தடை கணக்கில் சேராது. இலங்கை வழக்கில் பண்பைத் ‘தடை’ என்றும் உறுப்பைத் ‘தடையி’ என்றும் பிரித்து வழங்குவது இந்நோக்கில் பயனுடையது. தமிழ்நாட்டு வழக்கிலும் ‘மின்தடையாக்கி’ என்ற சொல் உள்ளது, ஆளப்படாமையே குறை.

4. இரு பாடங்கள், ஒரே சுற்று

மேற்கண்ட மூன்று தொடர்களுக்கும் அடியில் ஒரு பொதுக்குறை உள்ளது. மின்வழங்கல் ஒரு பாடமாகவும் அளவீடு மற்றொரு பாடமாகவும் பிரித்து எழுதப்படுகின்றன. ஆய்வக மேசையிலோ அவை ஒன்றாக இயங்குகின்றன.

முதற்பகுதியில் கண்ட 4.86 வோல்ட் தரும் 7805 உறுப்பே இரண்டாம் பகுதியின் ஒப்புமை–இலக்க மாற்றிக்கும் மின்வழங்கியாக இருப்பதாகக் கொள்ளலாம். மாற்றி தன் மின்வழங்கியையே ஒப்பீட்டு மின்னழுத்தமாகக் கொள்வது தொடக்கநிலைச் சுற்றுகளில் வழக்கம். நிரலில் ஒப்பீட்டு மதிப்பு 5 என எழுதப்பட்டிருக்கும். ஷண்டும் பெருக்கியும் குறையற்றவை என வைத்துக்கொண்டாலும், உண்மையில் 1 ஆம்பியர் பாயும்போது திரையில் ஏறத்தாழ 1.03 ஆம்பியர் என்றே தோன்றும். மின்வழங்கி நன்கு நிலைத்திருப்பதால் எத்தனை முறை அளந்தாலும் அதே 1.03 வரும். நிலைப்பு இங்கே பிழையைக் காட்டிக்கொடுப்பதற்கு மாறாக அதற்குத் துணை நிற்கிறது. மின்வழங்கியின் பிழை எப்படி மின்னோட்டத்தின் பிழையாயிற்று என்பதை இரண்டு தனிப் பாடங்களில் எந்த ஒன்றும் மாணவருக்குச் சொல்லாது.

இவ்வுறவு வரலாற்றிலும் தெளிவாக உள்ளது. எட்வர்ட் வெஸ்டன் 1892-இல் செம்பு, மாங்கனீசு, நிக்கல் ஆகியவற்றாலான மாங்கனின் என்னும் உலோகக் கலவையை உருவாக்கினார். தூய செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயரும். செம்புத் தடத்தையே ஷண்டாகக் கொண்டால் 20 டிகிரி வெப்ப உயர்வில் அளவீடு ஏறத்தாழ 8 விழுக்காடு மாறிவிடும். மாங்கனினில் அம்மாற்றம் அறை வெப்பநிலையை ஒட்டி மிகச் சிறிது. 1893-இல் அவரே காட்மியம் மின்கலம் ஒன்றை அமைத்தார். 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 1.0186 வோல்ட் தரும் அக்கலம் 1911-இல் மின்னியக்கு விசையின் பன்னாட்டுச் செந்தரமாக ஏற்கப்பட்டது. மாறாத மின்னழுத்தத்தையும் மாறாத மின்தடையையும் ஒருவரே தேடியது தற்செயலன்று. மின்னோட்டத்தை நம்பகமாக அளக்க இரண்டும் வேண்டும். அக்கலத்திலிருந்து மின்னோட்டம் இழுத்தால் அதன் மின்னழுத்தம் நிலைகுலையும் என்பதும் எண்ணத்தக்கது. மிக நிலையான அம்மூலம் மின்வழங்கியாகப் பயன்படத் தகாதது. ‘நிலையான மின்னழுத்தம்’ என்பதும் ‘நிலையான மின்வழங்கி’ என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தக்க சான்று தேவையில்லை.

1990 முதல் வோல்ட்டின் செந்தரம் ஜோசப்சன் விளைவின் அடிப்படையில் அமைந்தது. 2019 மே 20 முதல் எலெக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு மாறாத மதிப்பு வகுக்கப்பட்டு, ஆம்பியர் அதன்வழி வரையறுக்கப்படுகிறது. எனினும் செந்தர ஆய்வகங்களில் ஆம்பியரை நடைமுறைப்படுத்தும் வழிகளுள் ஒன்று, ஜோசப்சன் விளைவால் பெற்ற மின்னழுத்தத்தைக் குவாண்டம் ஹால் விளைவால் பெற்ற மின்தடையோடு ஒப்பிடுவதே. 0.1 ஓம் ஷண்டை வைத்துக்கொண்டு மாணவர் செய்வதும், செந்தர ஆய்வகம் செய்வதும் ஓம் விதியின் வழிப்பட்ட ஒரே செயல்.

முடிவுரை

தொடக்கநிலை நூலுக்கு எளிமை வேண்டும்; நிபந்தனைகளை அடுக்கினால் கற்பவர் மிரள்வார் என்று மறுப்புரைக்கலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் இங்கு வேண்டப்படுவது அட்டவணையன்று. ஒவ்வோர் அடைமொழிக்கும் ஓர் எச்சத்தொடர் மட்டுமே. ‘உள்ளீடு மாறினும்’, ‘25 டிகிரி செல்சியஸில்’, ‘அளவி இழக்கும் மின்னழுத்தம் நீங்கலாக’ என்பன போன்ற சிறு தொடர்களைப் பெயரெச்சமாகவும் வினையெச்சமாகவும் முன்னிறுத்துவது தமிழுக்கு இயல்பான நடை. நிபந்தனையை முதலிலும் முடிபை இறுதியிலும் வைக்கும் தமிழ்த் தொடரமைப்பு இதற்கு ஏற்றதாகவே உள்ளது.

இதில் பணயமாக உள்ளது நடையழகன்று. ஆய்வகப் பதிவேட்டின் நேர்மை. சீரமைப்பான் 5 வோல்ட் தரும் என்று மட்டும் படித்த மாணவர், அளவியில் 4.86 எனக் கண்டதும் கருவியை ஐயுறுவார், அல்லது தம்மை ஐயுறுவார். மதிப்பெண்ணை எண்ணிப் பதிவேட்டில் 5.00 என எழுதும் தூண்டுதல் அப்போதுதான் பிறக்கிறது. 4.8 முதல் 5.2 வரை உள்ள எதுவும் அவ்வுறுப்புக்கு இயல்பே என முன்னரே படித்தவர் 4.86 என்றே எழுதுவார். அதனை ஒப்பீட்டு மதிப்பாக நிரலில் இட்டு, மின்னோட்ட அளவையும் திருத்திக்கொள்வார்.